வீட்டு நூல்களுக்குக் கணினியில் அட்டவணை: மூவரின் அனுபவங்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

பின்னட்டையில் உள்ள பார்கோடைச் செல்பேசியால் ஸ்கேன் செய்தால் நூலின் விவரங்கள் தாமாகவே வந்துவிடும் என்று சொல்வார்கள். ஆங்கில நூல்களுக்கு அது பெருமளவு உண்மைதான். தமிழ் நூல்களைப் பொறுத்தவரை பல நேரங்களில் ஒன்றும் வருவதில்லை. வந்தாலும் தலைப்பு ரோமன் எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. எங்கள் அப்புச்சி (தாய்வழித் தாத்தா) அட்டாலியில் (பரணில்) அடுக்கி வைத்திருந்த பழைய நூல்களுக்கோ ஐ.எஸ்.பி.என். எனும் பன்னாட்டு நூல் எண்ணே கிடையாது. ஆகவே, 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும் இந்திய எண் உள்ளவற்றை, பெரும்பாலும் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவில் வாங்கியவற்றை, ஸ்கேன் செய்துவிட்டு, மற்றவற்றைக் கூகுள் ஷீட்ஸ் விரிதாளில் நானே தட்டச்சு செய்தேன். 2007க்கு முன் எண்ணோடு வந்த நூல்களில் அது பத்து இலக்கமாக இருக்கும். அதை இன்றைய பதின்மூன்று இலக்க எண்ணாக மாற்ற, முன்னால் 978 சேர்த்தால் மட்டும் போதாது, கடைசியில் உள்ள சரிபார்ப்பு இலக்கத்தையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

மிகுந்த நேரத்தை எடுத்துக்கொண்டது பதிப்பாண்டுதான். தனித்தமிழ்ப் பற்றுடைய பதிப்பகங்கள் சில, திருவள்ளுவர் ஆண்டை மட்டுமே அச்சிட்டிருந்தன. அதிலிருந்து 31ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு கிடைத்துவிடுவதால், 2000 என்று இருப்பதை 1969 என்று குறிப்பதில் தடையில்லை. ஆனால் 'பிரபவ ஆண்டு, ஆவணி' என்று மட்டும் போட்டிருந்தால், அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1927 ஆகவும் இருக்கலாம், 1987 ஆகவும் இருக்கலாம். அப்போது விலையைப் பார்க்க வேண்டும். நயா பைசா 1957இல்தான் புழக்கத்துக்கு வந்தது என்பதால், அணாவில் விலையிட்ட நூலை ஐயமின்றி 1927இல் சேர்த்துவிடலாம்.

ஆசிரியர் பெயருக்கு அட்டவணையில் இரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) வைத்துக்கொள்ளுங்கள் என்பதே நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. முதற்பத்தியில் அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதலாம். இரண்டாவதில் நாமே முடிவு செய்த ஒரே வடிவத்தை, முதலெழுத்தைப் பின்னால் தள்ளி எழுத வேண்டும். நம் கொங்கு நாட்டு நாவலாசிரியரையே எடுத்துக்கொண்டால், பழைய பதிப்பில் ஆர். ஷண்முகசுந்தரம், புதிய பதிப்பில் ஆர். சண்முகசுந்தரம். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயரில் வந்த எழுத்தும் புதுமைப்பித்தனின் எழுத்தும் ஒரே இடத்தில் சேர வேண்டுமானால் இந்த இரண்டாம் பத்தி இல்லாமல் முடியாது.

திருப்பூரிலிருந்து:

கோபிக்கார அண்ணன் எழுதியிருப்பதோடு அகரவரிசைச் சிக்கலையும் சேர்க்க விரும்புகிறேன். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு முறையில் 'ச'வை அடுத்து 'ஜ' இருக்கிறது. 'ள', 'ழ' இரண்டும் 'வ'வுக்கு முன்பே வந்துவிடுகின்றன. குறியெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் செயலிகளில், கிரந்த எழுத்தில் தொடங்குவதால் இறுதியில் வர வேண்டிய ஜெயகாந்தன் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில் போய் நிற்பதற்கு இதுவே காரணம். மேலும், 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் உள்ளிடலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றாலும், சில செயலிகளின் தேடலில் 'கொங்கு' என்று தொடங்கும் தலைப்புகளில் பாதி விடுபட்டுப் போகும். ஆகையால் வீட்டில் உள்ள அனைவரும் ஒரே விசைப்பலகை முறையைப் பயன்படுத்துவது நல்லது.

நான் பனியன் நிறுவனம் ஒன்றில் சரக்குக் கணக்குப் பார்ப்பவள். கிடங்கில் ரேக் எண் எழுதுவதைப் போலவே புத்தக அலமாரியின் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, அதையும் ஒரு பத்தியில் பதிந்திருக்கிறேன். யாருக்கு, எந்தத் தேதியில் இரவல் கொடுத்தோம் என்பதற்கும் பத்தி உண்டு. உறவினரிடம் திருப்பிக் கேட்கும் சங்கடத்தை அது தீர்க்கவில்லை. யாரிடம் கேட்க வேண்டும் என்பதையாவது சொல்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து:

நூலகங்களில் உள்ளதைப் போல டூயி தசம எண் (பாடவாரியாக நூல்களைப் பிரிக்கும் எண்) தர வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்பதற்குள் அடங்கிவிடுகிறது. கதையும் கவிதையுமே நிறைந்த வீட்டில் ஏறத்தாழ எல்லா நூலுக்கும் ஒரே தொடக்க எண்ணை எழுதிக்கொண்டிருப்பதில் எனக்குப் பயன் தெரியவில்லை. வேளாண்மை, வட்டார வரலாறு, நாட்டார் வழக்காறு, சிறுகதை என்று நாம் தேடும் பெயர்களையே வகையாக வைத்துக்கொள்ளலாம்.

இராமபாணப் பூச்சி அரித்து முகப்புப் பக்கம் போய்விட்ட நூல்களுக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அதே நூலின் ஸ்கேன் செய்த படி இருந்தால், பதிப்பக விவரத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் பதிப்பு வேறாக இருக்கக்கூடும் என்பதால், பக்க எண்ணிக்கையும் பொருந்தினால்தான் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

திருப்பூர்த் தங்கை செயலிகளைப் பற்றி எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன். எந்தச் செயலியில் பதிந்தாலும் அவ்வப்போது சி.எஸ்.வி. கோப்பாக (பத்திகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் எளிய உரைக்கோப்பாக) இறக்கி வேறிடத்தில் சேமித்துவிடுங்கள். அதை எக்செலில் நேரடியாகத் திறக்கும்போது தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டதாக எண்ணி அழித்துவிட வேண்டாம். தரவு இறக்குமதி வழியாகத் திறந்து யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாக வரும்.