தசமியை அட்டமி ஆக்கிய வெண்பா

செம்பாட்டுக்காரி:
அப்பா தவறினது 2024 செப்டெம்பர் 13. எங்கட ஊர் யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவன். 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு, அதாவது செத்தவற்ற நினைவுப் புத்தகம், அடிக்க வேணும். அதில திதி வெண்பா இல்லாமல் சரிவராது. ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் நாலடிக்குள்ள வரவேணும். பிறகு வருசா வருசம் திவசத்துக்கு அதைப் பார்த்துத்தான் நாள் எடுப்பினம்.

பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். தம்பி போன கவலையில பேனையே தொடேல்லை. நான் இரவிரவா இருந்து செயற்கை நுண்ணறிவிட்டக் கேட்டன். குரோதி வருசம், ஆவணி, வளர்பிறைத் தசமி, வெங்காயம் செய்த தோட்டக்காரர் எண்டு எல்லாம் சொன்னன். ஒரு நிமிசம்கூட ஆகேல்லை. முதலடி 'அன்பே உருவாகி அகிலம் போற்ற'. வாசிச்சு அழுதன், அதை மறைக்க மாட்டன்.

விடியப் பெரியப்பாட்டக் காட்டினன். விரல்ல சீர் பிரிச்சுப் பார்த்தார். "உருவாகி காய்ச்சீர், பின்னால நேர் வரவேணும், அகிலம் நிரை. அகிலம் மாச்சீர், பின்னால நிரை வரவேணும், போற்ற நேர். ஒரே அடியில ரெண்டு இடத்தில தளை தட்டுது பிள்ளை." தளை எண்டால் ஒரு சீர் அடுத்த சீரோட சேருற விதி. அதைக்கூடத் திருத்தலாம். கடைசி அடிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழட்டிப்போட்டார். மூண்டாம் அடி 'கட்டி' எண்டு தொடங்கினதால, எதுகைக்காக, அதாவது அடிகளின்ர ரெண்டாம் எழுத்து ஒத்துவர, நாலாம் அடியில தசமியை 'அட்டமி' ஆக்கி வச்சிருந்தது! நான் கவனிக்கவே இல்லை. அச்சேறியிருந்தால் அப்பாவுக்கு ஒவ்வொரு வருசமும் பிழையான நாளிலதான் படைச்சிருப்பம்.

அண்டைக்குப் பின்னேரம் தானே எழுதித் தந்தார். கடைசி ரெண்டடி:

குரோதி வளர்பிறை ஆவணி தன்னில்
தசமியில் தூர்ந்த கிணறு.

"எதுகை அமையேல்லை. எதுகையை விட்டன், திதியை விடேல்லை" எண்டார்.

அப்பா விடிய நாலு மணிக்கு இறைப்புத் தொடங்கி, மண்வெட்டியோட பாத்தி பாத்தியாத் தண்ணி மாறின மனுசன். கிணறு எண்ட சொல் எப்பிடி வந்தது எண்டு கேட்டன். "முதல்ல 'தசமியில் எங்கள் விளக்கு' எண்டுதான் வந்தது. தளையும் சரி. ஆனால் எந்த வீட்டுக் கல்வெட்டிலயும் விளக்குத்தானே. அடிச்சுப்போட்டு அதே அளவில வேற சொல் தேடிக்கொண்டிருக்கேக்கதான் அவன்ர கிணறு தெரிஞ்சுது."

கரிசல் மண்:
அக்கா, படிச்சு முடிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மாவே இருந்தேன். நான் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறவன். ஒன்பதாம் வகுப்பில் அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் கவிதை ஒன்றையும், அதே பாணியில் எந்திரம் எழுதினதையும் பேர் சொல்லாமல் பலகையில் எழுதினேன். பெரும்பாலான பிள்ளைகள் எந்திரத்தின் பக்கம். "இதுதான் சார் புரியுது" என்றான் ஒருவன். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். 2024இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் 1,634 பேரிடம் இதே மாதிரி கேட்டபோது, எது மனிதக் கவிதை, எது எந்திரக் கவிதை என்று சரியாகச் சொன்னது 46.6 விழுக்காடுதான். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலே பாதி சரியாக வந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து, எது ஞாபகம் இருக்கு என்று கேட்டேன். எந்திரத்தின் கவிதையிலிருந்து யாருக்கும் ஒன்றும் வரவில்லை. மூன்று பேர் டிக்கின்சன் கவிதையில் வருகிற ஈயைச் சொன்னார்கள். சாகிற நேரத்தில் அவள் காதில் கேட்கிற ஈ.

அலகிடுபவன்:
தளையைக் காரணம் காட்டி எந்திரத்தைத் தள்ள வேண்டாம் என்பது என் அனுபவம். அது சொல்லைத் துண்டுகளாகத்தான் வாங்குகிறது, நாம் அசை பிரிக்கிற இடத்தில் அந்தத் துண்டு முடிவதில்லை, அதனால்தான் தடுமாறுகிறது. விதிகளை எழுதிக் கொடுத்து, அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருளில் சரிபார்த்து, பிழையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். ஐந்தாவது முறை தளை தட்டாத வெண்பா வந்தது. மழை பற்றியது. குறை சொல்ல ஒன்றுமில்லை; ஆனால் யாருக்கும் அனுப்பத் தோன்றவில்லை.

செம்பாட்டுக்காரி:
தளைக்காக நானும் தள்ளேல்லை அண்ணை. விளக்கு பெரியப்பாவுக்கும்தான் வந்தது. அவர் அதை அடிச்சார், எந்திரம் அடிக்காது எண்டுதான் எனக்குப் படுது. கல்வெட்டு அச்சாகி வீடு வீடாப் போயிட்டுது. 'தன்னில்' இடம் நிரப்ப வச்ச சொல் எண்டு பெரியப்பா இப்பவும் அதுக்கு வேற சொல் தேடிக்கொண்டிருக்கிறார்.