உடற்பயிற்சி செய்பவருக்கு அமினோ அமிலத் தூள் தேவைதானா?

பிடோக்வாசி: வணக்கம். 70 கிலோ எடையுள்ள சைவ உணவுக்காரன் நான். வாரம் நான்கு நாள் எடைப்பயிற்சி செய்கிறேன். லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் (புரதத்தின் கட்டுமானக் கூறுகள்) அடங்கிய பிசிஏஏ (BCAA) தூளை வாங்குமாறு பயிற்சிக்கூடத்தில் வற்புறுத்துகிறார்கள். வாங்கலாமா?

தேக்கா அக்கா: வேண்டாம், தம்பி. தசை வளர, உடல் தானாகத் தயாரிக்க இயலாத ஒன்பது அமினோ அமிலங்களும் தேவை. லியூசின் அவ்வேலையைத் தொடக்கிவைக்குமே தவிர, மற்றவை குறைந்தால் கொத்தனார் வந்தும் செங்கல் வராத கதைதான். கடும் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் போதும் என்பதால், நாளுக்கு 98 கிராமிலிருந்து தொடங்குங்கள். நொதிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பேயில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதமும் அந்த ஒன்பதும் உள்ளன. மெல்லிய துண்டுகளாக நறுக்கி, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து, ஓரம் சிவக்கும்வரை வறுத்துப் பாருங்கள்; என் மகன் தட்டில் மிச்சம் வைப்பதே இல்லை.

ஈசூன் ஓட்டக்காரர்: அக்கா சொல்வது சரி. உணவில் எட்டாத நாளில் பாலிலிருந்து எடுக்கும் மோர்ப்புரதமோ (whey) சோயாப் புரதமோ அருந்தலாம், அவற்றில் ஒன்பதும் உண்டு. சிங்கப்பூரில் இத்தகைய துணை உணவுகள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் ஒப்புதலின்றியே விற்பனைக்கு வரலாம் என்பதால், உறையிலுள்ள பட்டியலை நிதானமாகப் படியுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால், புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கட்டாயம் கேளுங்கள்.

பிடோக்வாசி: சிறுநீரகக் கோளாறு ஏதுமில்லை. நாளைக்கே தெம்பே வாங்குகிறேன், அக்கா.