நாய்க்குப் போடும் உண்ணி மருந்து, பூனை இருக்கும் வீட்டில் சரிப்படுமா?

தோட்டத்து வீடு (கேள்வி):
வணக்கம். ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து வீட்டில் ஒரு நாட்டு நாயும் ஒரு பூனையும் வளர்கின்றன. இரண்டும் திண்ணையில் ஒரே சாக்கின் மீது ஒட்டிப் படுத்துத் தூங்கும். மழை விட்டதிலிருந்து நாயின் காது மடலுக்குள்ளும் கால்விரல் இடுக்குகளிலும் உண்ணிகள் கொத்துக் கொத்தாகத் தெரிகின்றன. சில்வர் ஓக் மரங்களின் அடியில் மண்டிய புதரிலிருந்துதான் ஏறுகின்றன என்று எண்ணி, நாயைத் தோட்டத்துக்குள் விடாமலே வைத்துப் பார்த்தோம், குறையவில்லை. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டினால் போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். பூனைக்கும் அதையே தடவலாமா?

அஸ்தம்பட்டி வாசகி:
பூனைக்கு அதைத் தடவவே கூடாது, ஐயா. மாட்டுக்கு அடிக்கும் மருந்துகளில் பெரும்பாலும் டெல்டாமெத்ரின் அல்லது அமிட்ராஸ் இருக்கும். நாய்களின் பிடரியில் விடும் சில சொட்டு மருந்துகளில் டெல்டாமெத்ரினின் இனத்தைச் சேர்ந்த பெர்மெத்ரின் இருக்கும். நாயின் உடல் தாங்கிக்கொள்ளும் பெர்மெத்ரினைப் பூனையின் கல்லீரலால் எளிதில் சிதைத்து வெளியேற்ற முடியாது. உடல் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிர் போகும். பூனையின் மீது நேரடியாகப் படவேண்டும் என்பதுகூட இல்லை. மருந்து பூசிய நாயோடு ஒட்டிப் படுத்தாலோ அதன் மயிரை நக்கினாலோ போதும். உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே சாக்கில் தூங்குகின்றன என்பதால், நாய்க்கு உள்ளுக்குக் கொடுக்கும் மெல்லும் மாத்திரையே பொருத்தம் என்று நினைக்கிறேன். எடைக்கு ஏற்ற அளவில் மாதம் ஒருமுறை கொடுப்பதும் உண்டு, சுமார் 12 வாரம் தாங்குவதும் உண்டு. நாய்க்கு முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
மருந்தைப் பற்றி அம்மா சொன்னது சரி. ஆனால் புதரின் மீது பழி போடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நம் ஊர் நாய்களிடம் மிகுதியாகக் காணப்படும் பழுப்பு நிற நாய் உண்ணி, காட்டைவிட வீட்டை விரும்புவது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஒருமுறை, வளர்ந்த பிறகு இன்னொருமுறை, முதிர்ந்த பிறகு மற்றொருமுறை என நாயின் மீது ஏறி இரத்தம் குடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கீழே விழுந்து சுவர் வெடிப்பிலும் நிலைப்படியின் பின்புறத்திலும் ஒளிந்துகொள்கிறது. வயிறு புடைத்த ஒரு பெண் உண்ணி அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இரத்தம் கிடைக்காவிட்டாலும் பல மாதங்கள் காத்திருக்கும். நாயை அடைத்து வைத்தபோது, உண்ணிகளுக்கு நடுவிலேயே அதைக் கட்டிப் போட்டீர்கள் என்றுதான் நான் கொள்வேன். இரவில் கைவிளக்கைக் கொண்டு திண்ணைச் சுவரைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். ஏறிக்கொண்டிருப்பவை கண்ணில் படும். அந்தச் சாக்கை எரித்துவிட்டு, கொதிநீரில் அலசக்கூடிய துணியை விரியுங்கள். வெடிப்புகளைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். இதைச் செய்யாமல் நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்தால், சுவரில் காத்திருப்பவை மீண்டும் மீண்டும் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

பிடுங்கும்போது சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் நாய்க்குத்தான் துன்பம். விரலால் நசுக்கவும் வேண்டாம்.

தோட்டத்து வீடு:
இருவருக்கும் நன்றி. சுவரைப் பார்த்தேன், நிலைப்படிக்குப் பின்னால் வரிசையாக இருக்கின்றன. நாய் சில நாளாகச் சோற்றைத் தொடாமல் சுருண்டு கிடப்பதையும் சொல்ல வேண்டும். பூனைக்கு மட்டும் வேப்பெண்ணெய் தடவலாமா?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
சோறு தின்னவில்லை என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மூக்கில் இரத்தம் கசிந்தாலோ, வயிற்றின் அடியில் சிவந்த புள்ளிகள் தெரிந்தாலோ நாளை வரை காத்திருக்க வேண்டாம். இவை எதுவும் இல்லாவிட்டாலும் நாளைக் காலை கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் இரத்தத்தில் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணி பரப்பும் எர்லிக்கியா காய்ச்சலில் அது சரிந்துவிடும். பொதுவாக டாக்சிசைக்ளின் 28 நாட்கள் கொடுப்பார்கள். நாய் ஒரு வாரத்தில் வாலாட்டத் தொடங்கியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், நோயும் திரும்பி வருகிறது. காய்ச்சலுக்கு வீட்டிலுள்ள பாரசிட்டமாலைக் கொடுக்காதீர்கள். பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும்.

அஸ்தம்பட்டி வாசகி:
வேப்பெண்ணெயும் வேண்டாம். பூனை தன் உடம்பில் பட்ட எதையும் நக்கி விழுங்கிவிடும். பூனைக்கென்றே வரும் சொட்டு மருந்து உண்டு. அதன் நாக்கு எட்டாத பிடரியில், மயிரை விலக்கித் தோலின் மேல் விட வேண்டும். நாயைக் கொண்டுபோகும்போது பூனையின் எடையையும் குறித்துச் சென்றால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதி வாங்கிவிடலாம்.