ஷெர்லி டெம்பிளின் திரைவாழ்வு 12 வயதில் முடிந்ததா?

பழம்படப் பித்தர்: “ஷெர்லி டெம்பிளின் திரைவாழ்வு 12 வயதில், ‘தி புளூ பேர்ட்’ படத்தோடு முடிந்தது” என்று நேற்று இங்கே ஒருவர் தீர்ப்பெழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஹாலிவுட்டின் குழந்தை நட்சத்திரமான ஷெர்லி பிறந்தது 1928 ஏப்ரல் 23. அந்தப் படம் வெளிவந்தது 1940 ஜனவரி. கழித்தல் தெரிந்தவர் யாராயினும், அப்போது அவருக்கு 11 வயதுதான் என்பதை அறிவார்.

கரிசல்காரன்: தீர்ப்பெழுதியவன் நானே. 1935 முதல் 1938 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அமெரிக்காவில் வசூலில் முதலிடம் பிடித்திருந்த குழந்தை, அந்தப் படம் தோற்ற அதே ஆண்டில், தன்னை ஒப்பந்தத்தில் வைத்திருந்த ஃபாக்ஸ் பட நிறுவனத்தை விட்டு வெளியேறினார். வெளியேறியபோது வயது 12. இதைவிட வேறென்ன முடிவு வேண்டும்?

பழம்படப் பித்தர்: படத்தைச் சொல்லிவிட்டு, இப்போது ஒப்பந்தத்துக்குத் தாவுகிறீர்கள். ஃபாக்ஸில் அவருடைய கடைசிப் படம் ‘புளூ பேர்ட்’ அன்று, அதே ஆண்டில் பின்னர் வந்த ‘யங் பீப்பிள்’. அதன் பிறகும் 1944இல் செல்ஸ்னிக் தயாரித்த ‘சின்ஸ் யூ வென்ட் அவே’, 1947இல் கேரி கிராண்டுடன் ஒரு நகைச்சுவைப் படம், 1948இல் ஜான் ஃபோர்டின் ‘ஃபோர்ட் அப்பாச்சி’ என்று நடித்துக்கொண்டுதான் இருந்தார். ஓய்வை அறிவித்தது 1950இல். ‘புளூ பேர்ட்’ வந்தபோது வயது 11 என்பதற்கு இன்னும் விடை வரவில்லை.

தேன்மொழி: நீங்கள் இருவரும் மோதிக்கொள்ளும் அந்த வயதையே ஸ்டூடியோ ஓராண்டு குறைத்துத்தான் விளம்பரம் செய்தது, உண்மை வயது ஷெர்லிக்கே பின்னாளில்தான் தெரிந்தது. அன்றைய ரசிகர்கள் கணக்கில் அவருக்கு 10.

பழம்படப் பித்தர்: அம்மையீர், விளம்பரத்தை நம்பினால் நாளை அவர் பிறக்கவே இல்லை என்றும் சொல்லலாம். 11தான்.

கரிசல்காரன்: ‘ஃபோர்ட் அப்பாச்சி’யை ஜான் வேய்னுக்காகவும் ஹென்றி ஃபோண்டாவுக்காகவும் பார்த்தார்களேயன்றி, ஷெர்லிக்காக யார் பார்த்தார்கள்? நடிகை ஜூடி கார்லண்ட் பற்றிய சென்ற மாத விவாதத்திலும் இவர் இப்படித்தான் தேதிகளை அடுக்கி, பேச்சின் கருவை மூடி மறைத்தார்.

பழம்படப் பித்தர்: அந்த விவாதத்தில் பாதியிலேயே காணாமற்போனவர் யார் என்பதை இங்குள்ளோர் மறந்திருக்கமாட்டார்கள்.

வழிப்போக்கன்: முடிந்ததா இல்லையா என்பது இருக்கட்டும். ஏறத்தாழ 32 லட்சம் டாலர் சம்பாதித்தும், அவர் கைக்கு வந்தது 44,000 டாலர் மட்டுமே. பணத்தை நிர்வகித்த அந்தத் தந்தையைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே?

தேன்மொழி: அவரே தன்வரலாற்றில் பெற்றோரைப் பழிக்கவில்லை. உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

வழிப்போக்கன்: பழிக்காதது அவருடைய பெருந்தன்மை. அதைக் கணக்கு நேர் என்பதற்குச் சான்றாக்குவது உங்கள் சாமர்த்தியம்.

கரிசல்காரன்: கானாவுக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் தூதராகப் போனதையும் திரைவாழ்வில் சேர்த்துவிடுவார் பித்தர், காத்திருங்கள்.

பழம்படப் பித்தர்: சேர்க்கவில்லை. ஆனால் 1958இல் அவர் தொலைக்காட்சியில் நடத்திய கதைத்தொடரைச் சேர்ப்பேன், சின்னத்திரையும் திரைதான். 12 என்று எழுதியதை நீங்கள் இன்னும் திருத்தவில்லை.

கரிசல்காரன்: திருத்தப்போவதுமில்லை.

பழம்படப் பித்தர்: ஜனவரிக்குப் பிறகுதான் ஏப்ரல் வரும், ஐயா.