‘பீப்பிள்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘ஸ்’ வருமா?

கேள்வி (குடியாத்தம்):
வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், காட்பாடி ரயில் நிலையத்தைப் பற்றிய கட்டுரையில் ‘மெனி பீப்பிள்ஸ் ஆர் வெயிட்டிங்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அந்த ‘ஸ்’ எழுத்தை மட்டும் சிவப்பு மையால் சுழித்திருந்தார். செய்தித்தாளில் அப்படி வருகிறதே என்று அவள் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை.

பதில் 1 (வேலூர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்):
ஆசிரியை திருத்தியது சரியே. ‘பெர்சன்’ என்பதற்குப் பன்மையாகவே ‘பீப்பிள்’ வழங்குவதால், நடைமேடையில் காத்திருப்பவர்களைக் குறிக்கும்போது அதற்கு மேலும் ஒரு பன்மை விகுதி தேவையில்லை. ஆனால் மொழியாலும் மரபாலும் ஒன்றுபட்ட ஓர் இனம் என்னும் பொருளில் அதே சொல் ஒருமையாகி, பல இனங்களைச் சுட்டும்போது ‘பீப்பிள்ஸ்’ ஆகிறது. 1945ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சாசனம் ‘வீ தி பீப்பிள்ஸ்’ என்று தொடங்குவதையும், 1949இல் ஏற்கப்பட்ட நம் அரசமைப்பின் முகப்புரை ‘வீ, தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ என்று தொடங்குவதையும் மகளுக்கு அருகருகே எழுதிக் காட்டுங்கள். வேறுபாடு உடனே விளங்கும். என் மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய நாள்கள் எனக்கு மிகவும் பிடித்தவை.

பதில் 2 (ஆற்காடு):
‘பெர்சன்ஸ்’ என்ற வடிவமும் பிழையன்று. சட்ட ஆவணங்களிலும், மின்தூக்கியில் எத்தனை பேர் ஏறலாம் என்னும் அறிவிப்பிலும் அது இன்றும் வழங்குகிறது.

பதில் 3 (இராணிப்பேட்டை):
தமிழாக்கத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நம் ‘மக்கள்’ பொதுமக்களையும் குறிக்கும், ‘மக்கட்பேறு’ என்பதில் பெற்ற பிள்ளைகளையும் குறிக்கும். ‘பீப்பிள்ஸ்’ வருமிடத்தில் ‘மக்களினங்கள்’ என்று எழுதினால் பொருள் மயங்காது.