சிஎஸ்வி ஏற்றுமதி: புலத்துக்குள் " வந்தால் நெடுவரிசை உடைகிறது

கேள்வி:
மைஎஸ்க்யூஎல் தரவுத்தள அட்டவணையை, கோப்பில் எழுதும் 'இன்டூ அவுட்ஃபைல்' கட்டளை மூலம் சிஎஸ்வியாக (புலங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் கோப்பாக) எடுக்கிறேன். புலங்களைச் சுற்றி இரட்டை மேற்கோள் போடச் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் 24" திரை, கருப்பு என்பது போன்ற விவரங்கள் எக்செலில் காற்புள்ளியோடு உடைந்து அடுத்த நெடுவரிசைக்கு ஓடுகின்றன. கோப்பில் இருப்பது இது:
"24\" திரை, கருப்பு"
ஒற்றை, இரட்டை மேற்கோள் எல்லாவற்றையும் நீக்கிவிடலாமா?

பதில் 1:
நீக்காதீர்கள். 24" என்பது அங்குல அளவு, குறி போனால் வெறும் 24 எதைச் சொல்கிறது? கோளாறு அந்தப் பின்சாய்கோட்டில் இருக்கிறது. சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும் ஆர்எஃப்சி 4180 (2005) ஆவணத்தின்படி, உள்ளே வரும் " குறியை இரண்டாக எழுத வேண்டும்:
"24"" திரை, கருப்பு"
எக்செல் எதிர்பார்ப்பதும் இதைத்தான். மைஎஸ்க்யூஎல் இயல்பாகவே \ போடும். கட்டளையில் 'எஸ்கேப்டு பை' (சிறப்புக் குறிகளுக்கு முன்னால் எதைப் போடுவது என்று சொல்லும் பகுதி) மதிப்பை " என்று மாற்றுங்கள்.

ஒற்றை மேற்கோளைத் தொடவே வேண்டாம். சிஎஸ்வியில் அதற்குத் தனிப் பொருள் கிடையாது. அதை இரட்டிப்பது எஸ்க்யூஎல் சரங்களுக்கான விதி. இங்கே செய்தால் 5'6 என்பது 5''6 ஆகவே போய்ச் சேரும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. 'நல்' மதிப்பை (புலத்தில் மதிப்பே இல்லை என்பதன் அடையாளம்) மைஎஸ்க்யூஎல் 'எஸ்கேப்' குறியோடு ஆங்கில 'என்' எழுத்தைச் சேர்த்து எழுதும். குறியை " ஆக்கினால், நல் இருக்கும் இடமெல்லாம் மூடாத மேற்கோள் ஒன்று முளைக்கும்; அடுத்தடுத்த வரிகள் ஒரே புலத்துக்குள் விழுந்துவிடும். நல் வரக்கூடிய ஒவ்வொரு நெடுவரிசையையும் 'இஃப்நல்' (நல்லுக்குப் பதில் வேறு மதிப்பு தரும் செயற்கூறு) போட்டு வெற்றுச் சரமாக்குங்கள். அதன்பின் நல் எது, வெற்று எது என்று பிரித்தறிய முடியாது. அது பரவாயில்லையா என்று முதலில் பாருங்கள். 'எஸ்கேப்டு பை'யைக் காலியாக விடுவது தீர்வாகாது, " அப்படியே வெளியே வந்துவிடும்.

கேட்டவர்:
இரண்டையும் செய்ததும் சரியாகிவிட்டது. வளைந்த மேற்கோள்கள் (“ ”) மட்டும் மூன்று மூன்று விசித்திர எழுத்துகளாகத் தெரிகின்றன.

பதில் 3:
அது குறியாக்கச் சிக்கல். யூடிஎஃப்-8இல் அந்தக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். எக்செல் அதை ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற விண்டோஸ்-1252 குறியாக்கம் என்று எண்ணிப் படிக்கிறது. கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் (யூடிஎஃப்-8 என்று காட்டும் அடையாள பைட்கள்) சேருங்கள், அல்லது தரவு இறக்குமதி வழியாகத் திறந்து யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். வளைந்த குறி புலத்தை உடைக்காது, அதனால் மாற்ற அவசியமில்லை. நேர் குறியாக மாற்றியே தீர வேண்டுமென்றால் இரட்டிப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். வரிசை மாறினால் பழைய உடைசல் திரும்ப வரும்.