ஆலிவ் எண்ணெய் வாங்குமுன் புட்டியில் எதைப் படிக்க வேண்டும்?

வெளிநாட்டில் புதிதாகக் குடியேறியிருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். கடையில் வரிசையாக அடுக்கியிருக்கும் ஆலிவ் எண்ணெய்களில் எதை எடுப்பது என்று இங்கே பலரும் கேட்கிறீர்கள். நான் வந்த புதிதில் வாங்கிய ஒரு நல்ல எண்ணெய், தொண்டையில் காரமாக உறைத்ததால் கெட்டுவிட்டது என்று நினைத்து முழுவதையும் கொட்டிவிட்டேன். அந்தக் காரமே அதன் தரத்துக்கு அடையாளம் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. உங்களுக்கும் அப்படி நேரக்கூடாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெரும்பாலான சமையல் எண்ணெய்கள் உலர்ந்த விதையிலிருந்து வருபவை. ஆலிவ் எண்ணெயோ பச்சைப் பழத்தை அரைத்து, அந்த விழுதிலிருந்து பிரித்தெடுப்பது. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ பழம் வேண்டும். ரகத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். பழச்சாறு போலவே இதற்கும் புதுமைதான் உயிர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், மற்ற விவரங்கள் எளிதில் விளங்கும்.

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் மனிதர்கள் ஏறத்தாழ 6000 ஆண்டுகளுக்கு முன்பே இம்மரத்தை வளர்க்கத் தொடங்கிவிட்டனர். இன்று மிகுதியாக விளைவிக்கும் நாடு ஸ்பெயின். அதன் தெற்கிலுள்ள ஹயேன் மாகாணத்தில் பிக்குவால் என்னும் ரகம் செழித்து வளர்கிறது. கிரேக்கத்துக்குக் கொரோனெய்கி, இத்தாலிக்கு ஃப்ராந்தோயோ என நாட்டுக்கு நாடு ரகமும் சுவையும் மாறும்.

தரத்துக்கு வருவோம். 'எக்ஸ்ட்ரா வெர்ஜின்' என்பது இரசாயனம் சேர்க்காமல், இயந்திர முறையில் மட்டுமே எடுத்த முதல்தர எண்ணெய். மாட்ரிட் நகரிலுள்ள சர்வதேச ஆலிவ் மன்றத்தின் வரையறைப்படி, அதன் அமிலத்தன்மை 0.8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பயிற்சி பெற்ற சுவைஞர் குழு பரிசோதிக்கும்போது ஒரு குறைகூடத் தென்படாமல், பழத்தின் மணமும் இருக்க வேண்டும். அடுத்த படியான 'வெர்ஜின்' வகைக்கு 2 விழுக்காடு வரை அனுமதி உண்டு. இந்த அமிலத்தன்மை நாவுக்குத் தெரியும் புளிப்பு அன்று. அடிபட்ட பழத்திலும், பறித்தபின் அரைக்காமல் தேக்கி வைத்த பழத்திலும் கொழுப்பு சிதைந்து பிரியும் கொழுப்பு அமிலங்களின் அளவு அது. வெறும் 'ஆலிவ் எண்ணெய்' என்றோ 'ப்யூர்' என்றோ எழுதியிருந்தால், அது சுத்திகரித்த எண்ணெயில் சிறிது வெர்ஜின் கலந்தது. 'லைட்' என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. மணமும் நிறமும்தான் அதில் குறைவு, கலோரி குறைவதில்லை. 'போமஸ்' என்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்தது. நான் அதை வாங்குவதில்லை.

நான் முதலில் தேடுவது அறுவடைத் தேதியைத்தான். எல்லாப் புட்டிகளிலும் அது இராது. இருந்தால், தயாரித்தவர் மீது நம்பிக்கை கூடுகிறது. அடுத்து, பழம் விளைந்த நாடு. இத்தாலியில் புட்டியில் நிரப்பியது என்பதால் மட்டும் எண்ணெய் இத்தாலியப் பழத்தினுடையதாகிவிடாது. ஸ்பெயின், கிரேக்கம், துனிசியா நாட்டு எண்ணெய்களும் அதில் கலந்திருக்கலாம். கலப்பது குற்றமன்று, ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். பச்சை நிறம் தரத்தைக் காட்டாது; அதனால்தான் சுவைஞர்கள் நிறம் தெரியாத அடர்நீலக் கோப்பையில் ஊற்றிச் சுவைக்கிறார்கள். குளிர்பெட்டியில் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் சோதனையையும் நம்ப வேண்டாம்.

தொண்டையை உறைக்கச் செய்வது ஓலியோகாந்தால் என்னும் பொருள். வலிநிவாரணியான ஐபுப்ரோஃபென் போலவே இது அழற்சியைத் தூண்டும் நொதிகளைத் தடுக்கிறது என 2005-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆனால் உணவில் சேரும் அளவு மிகச் சிறிது என்பதால், இதை மருந்தாகக் கருதக்கூடாது. ஸ்பெயினில் ஏறத்தாழ 7,400 பேரிடம் நடந்த ப்ரெடிமெட் ஆய்வில், எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெயோடு மத்தியதரைக்கடல் பகுதி உணவுமுறையைப் பின்பற்றியவர்களுக்கு, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தன. 2013-இல் வந்த அந்தக் கட்டுரை, பங்கேற்பாளர்களைப் பிரித்த முறையில் இருந்த பிழைகளுக்காகத் திரும்பப் பெறப்பட்டு, 2018-இல் திருத்தி மறுபடியும் வெளியானது. முடிவு பெரிதாக மாறவில்லை. வெண்ணெய், நெய் போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாகப் பயன்படுத்தினால்தான் நன்மை. இருப்பதோடு கூடுதலாக ஊற்றிக்கொண்டால் எடைதான் ஏறும், ஏனெனில் ஒரு மேசைக்கரண்டியிலேயே ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது.

சூடாக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறீர்கள். எக்ஸ்ட்ரா வெர்ஜின் பெரும்பாலும் 190 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் புகையத் தொடங்கும் என்பதால், வதக்குவதற்குத் தயங்க வேண்டாம். மணம் மட்டும் சற்றுக் குறையும்.

ஒளியும் வெப்பமும் காற்றும் இதற்குப் பகை. ஆகவே அடர்நிறப் புட்டியாகப் பார்த்து வாங்கி, அடுப்பிலிருந்து தள்ளி, மூடிய அலமாரியில் வையுங்கள். திறந்தபின் இரண்டு மூன்று மாதங்களில் தீர்த்துவிடுவது நல்லது. நாள்பட்ட கொட்டைப் பருப்பின் சிக்கு வாடை வந்தால் அது கெட்டுவிட்டது. வீட்டில் ஓரிருவர் மட்டும் இருப்பவர்கள், ஐந்து லிட்டர் தகரம் மலிவாகக் கிடைத்தாலும் அரை லிட்டர் புட்டியையே எடுங்கள்.